எண்ணெய் நன்றாக இருக்கிறது, வாங்கியவர் ஏன் திரும்பி வரவில்லை?

கேள்வி: "அய்யா, சென்னை வில்லிவாக்கத்தில் 20 வருஷத்துக்கு மேல் மளிகைக்கடை வைத்திருந்தேன். கொரோனாவுக்கு அப்புறம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். ஆலங்குளம் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து ரெண்டு கிலோமீட்டர் உள்ளே, சொந்த இடத்தில் மரச்செக்குப் போட்டு நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்கிறேன். சரக்கில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் மாசம் 300 லிட்டரைத் தாண்ட மாட்டேன் என்கிறது. எல்லாச் செலவும் போக லிட்டருக்கு 60 ரூபாய் நிற்கும். இன்ஜினியரிங் முடித்த மகன், மார்க்கெட்டிங் பண்ணணும் என்று திருநெல்வேலியில் ஒரு கம்பெனியைப் பிடித்து வந்திருக்கிறான். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாம் பார்த்துக்கொள்ள மாசம் 25,000 கேட்கிறார்கள். வீட்டுக்காரி, 'இருட்டுக்கடை அல்வாவுக்கு யாரு விளம்பரம் பண்ணுதா, சரக்கு நல்லா இருந்தா தன்னால விக்கும்' என்கிறாள். மார்க்கெட்டிங் என்பது உண்மையில் எதுக்குத்தான்? அந்தப் பணத்தை நான் போடலாமா, வேண்டாமா?"

பதில்:

அண்ணாச்சி, வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்குப் போட வேண்டாம். லிட்டருக்கு 60 ரூபாய் நிற்கிறது என்றால், 25,000 ரூபாயை மீட்க மட்டுமே மாசம் 417 லிட்டர் கூடுதலாக விற்க வேண்டும், அதாவது இப்போது விற்கிற 300-க்கு மேலே இன்னொரு 417. அதுவும் சும்மா போட்ட காசை எடுக்கத்தான், உங்கள் கைக்கு ஒரு ரூபாய் வராது. உங்கள் ஒற்றைச் செக்கு அந்த அளவுக்கு ஓடுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

ஆனால் மகன் சொல்வது தப்பு, மதினி சொல்வது சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ரெண்டு பேருமே மார்க்கெட்டிங் என்றால் விளம்பரம் என்று நினைக்கிறார்கள், அவன் வேண்டும் என்கிறான், அவர்கள் வேண்டாம் என்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். என்னிடம் ஆலோசனைக்கு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். சரக்கைச் செய்து முடித்து, பாட்டிலில் அடைத்து, விலை ஒட்டி, அது விற்காமல் நிற்கும்போது "இனி மார்க்கெட்டிங் பண்ணணும்" என்று கிளம்புகிறார்கள். அது கடைசியில் செய்கிற வேலை இல்லை. எள் வாங்குவதற்கு முன்னாலேயே தொடங்கியிருக்க வேண்டிய வேலை.

நிர்வாகவியலில் பெரிய பெயரான பீட்டர் டிரக்கர் 1954-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஒரு தொழில் எதற்காக இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் லாபத்துக்கு என்பார்கள், அவர் வாடிக்கையாளரை உருவாக்கத்தான் என்றார். லாபம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, லாபம் இல்லாமல் கடை நடக்காது. வாங்குகிறவன் இருந்தால்தான் லாபம் என்ற பேச்சே வரும், அதனால் வாங்குகிறவனிடமிருந்து தொடங்கு என்றார். அப்புறம் ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த தியோடர் லெவிட் 1960-ல் இன்னொன்றை அழுத்திச் சொன்னார். விற்பனை என்பது விற்கிறவனுடைய தேவையைப் பார்ப்பது, மார்க்கெட்டிங் என்பது வாங்குகிறவனுடைய தேவையைப் பார்ப்பது. உங்கள் கடிதத்தைத் திரும்ப ஒருமுறை வாசித்துப் பாருங்கள் அண்ணாச்சி. செக்கு இருக்கிறது, இடம் இருக்கிறது, மூன்று வகை எண்ணெய் இருக்கிறது, லிட்டருக்கு என்ன நிற்கும் என்பது இருக்கிறது. வாங்குகிற ஆள் யார், அவர் எதற்கு வாங்கினார், ஒருமுறை வாங்கியவர் அடுத்த மாசம் வந்தாரா என்று ஒரு வரிகூட இல்லை.

இத்தனைக்கும் இந்த வேலையை வில்லிவாக்கத்தில் இருந்த காலம் முழுக்க நீங்கள் செய்திருக்கிறீர்கள். சென்னைக்குப் போய்க் கடை வைத்த நம்ம ஊர் அண்ணாச்சிமார் யாரும் டிவியில் விளம்பரம் கொடுத்து நிலைக்கவில்லை. விடியுமுன் பால் வாங்க வருகிறவனுக்காக அந்த நேரத்திலேயே ஷட்டரைத் தூக்கினீர்கள். தினக்கூலிக்காரன் கால் கிலோ சர்க்கரை, அஞ்சு ரூபாய்க்குக் கடுகு கேட்டால் முகம் சுளிக்காமல் பொட்டலம் கட்டினீர்கள். எந்த வீட்டுக்கு எந்தத் தேதியில் சம்பளம் வரும் என்று தெரிந்து அதற்குத் தகுந்த மாதிரி கணக்கு நோட்டில் எழுதினீர்கள். எந்த வீட்டில் எந்த டீத்தூள், எந்த வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை வியாதி என்பதுவரை மனசில் இருந்திருக்கும். வாங்குகிறவருடைய நாளும் கையும் எப்படி இருக்கிறதோ அதற்கேற்ப நேரம், அளவு, கடன் எல்லாவற்றையும் வளைத்துக் கொடுத்தீர்கள், அதனால் பக்கத்திலேயே பெரிய சூப்பர் மார்க்கெட் வந்தபோதும் அவர்கள் உங்கள் கடைக்கு வந்தார்கள். நான் சொல்கிற மார்க்கெட்டிங் முழுக்க இதுதான். ஊருக்கு வந்து செக்குக்கு முதலாளி ஆனதும், சரக்கு நல்ல சரக்கு என்ற நம்பிக்கையில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டீர்கள் என்று தோன்றுகிறது.

நம்ம தமிழ்நாட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. கடலூர்க்காரர் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயை வைத்துத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்பு போட்டார். அப்போது கிராமத்துச் சனம் தலைக்குச் சீயக்காயும் குளிக்கிற சோப்பும்தான் போட்டது. அவருடைய ஆட்கள் ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூடத்துப் பையன் ஒருத்தனைக் கூட்டத்துக்கு முன்னால் உட்காரவைத்து, ஷாம்பு போட்டுத் தலையை அலசி, தொட்டுப் பாருங்கள், மோந்து பாருங்கள் என்றார்கள். பெண்கள் தலையில் பூ வைக்கிற ஊர் என்று மல்லிகை வாசனையில் போட்டார்கள். ஒரு பாட்டில் வாங்கப் பணம் இல்லாதவர்கள்தான் ஊரில் அதிகம் என்று சின்னச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து, 1990-களின் கடைசியில் 50 பைசாவுக்கே கொடுத்தார்கள். வாசனை, அளவு, விலை, தொட்டுப் பார்க்கிற வழி என்று எதை எடுத்தாலும் வாங்குகிறவரைப் பார்த்துச் செய்தது. விளம்பரமும் கொடுத்தார்கள், ஆனால் இதெல்லாம் இல்லாமல் அந்த விளம்பரம் என்ன செய்திருக்கும்?

மதினிக்கு ஒரு வார்த்தை. இருட்டுக்கடைக்குப் பெரிய போர்டு இல்லை, உண்மைதான். ஆனால் அது இருக்கிற இடத்தைப் பாருங்கள். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழரத வீதியில் இருக்கிறது. கோயிலுக்கு வந்தவன், ஜவுளி எடுக்க டவுனுக்கு வந்தவன் எல்லாம் கடக்கிற இடம். சாயங்காலம்தான் திறப்பார்கள், கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும், சூடாக இலையில் வைத்துக் கொடுப்பார்கள், அதனால் கூட்டம் ஒரே நேரத்தில் சேர்கிறது, கூட்டத்தைப் பார்த்து இன்னும் கூட்டம் சேர்கிறது. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் தனக்காக வாங்குவதில்லை, வெளியூரில் இருக்கிற ஒருத்தருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வாங்குகிறார்கள், அந்த டப்பா போகிற வீட்டிலெல்லாம் பேச்சும் சேர்ந்து போகிறது. தலைமுறை தலைமுறையாக ருசி மாறாமல் இருந்ததால்தான் இவ்வளவும் நடக்கிறது, அதில் மதினி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அதே அல்வாவை மெயின் ரோட்டிலிருந்து ரெண்டு கிலோமீட்டர் உள்ளே, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் கிண்டி வைத்திருந்தால் தன்னால் விற்றிருக்குமா என்று அவர்களையே கேளுங்கள்.

சரி, உங்கள் எண்ணெய்க்கு வருவோம். போன வருஷம் வேறொரு ஊரில் ஒரு செக்குக் கடையில் உட்கார்ந்திருந்தேன். நடுத்தர வயசு அம்மா ஒருத்தர் வந்தார், கையில் மஞ்சப்பை. நல்லெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஒரு குலுக்குக் குலுக்கினார். அடியில் படிந்திருந்தது மேலே எழும்பிக் கலங்கியது. "என்னய்யா, அடியில இம்புட்டு மண்டி கிடக்கு?" என்றார். கல்லாவில் இருந்த பையன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "செக்கு எண்ணெய் அப்படித்தான்க்கா இருக்கும்" என்றான். அந்த அம்மா பாட்டிலைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, புண்ணாக்கு மட்டும் ரெண்டு கிலோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. வெயிலில் தெளியவைத்து ஊற்றினாலும் செக்கு எண்ணெயில் கொஞ்சம் மண்டி அடியில் நிற்கத்தான் செய்யும். ஆனால் அந்த அம்மா கேட்டது மண்டியைப் பற்றி இல்லை, இதில் கலப்படம் இருக்குமோ என்று பயந்து கேட்டார். அந்தப் பயத்துக்கு அங்கே பதில் இல்லை. எண்ணெயைக் கூடுதலாக ரெண்டு நாள் தெளியவிட்டிருக்கலாம், இல்லையென்றால் எப்படி ஆட்டுகிறோம், கருப்பட்டி எதற்குப் போடுகிறோம், மண்டி எப்படி வருகிறது என்று ரெண்டு வரி லேபிளில் போட்டிருக்கலாம், அதுவும் இல்லையென்றால் பையன் எழுந்து "வாங்கக்கா, உள்ளே செக்கு ஓடுது, வந்து பாருங்க" என்று கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அந்தக் கடைக்கு மாசம் 25,000 கொடுத்து இன்ஸ்டாகிராமில் ஆயிரம் பேரை வரவழைத்திருந்தாலும் அந்த ஆயிரம் பேரும் பாட்டிலைக் குலுக்கித்தான் பார்த்திருப்பார்கள்.

கடலை எண்ணெயில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு, நீங்களே பார்த்திருப்பீர்கள். செக்கில் ஆட்டினதை வாணலியில் ஊற்றி வடையோ அப்பளமோ போட்டால் நுரைத்துப் பொங்கி வரும். ரீஃபைன்ட் எண்ணெயில் அந்த நுரைக்குக் காரணமான பசைப் பொருளை ஆலையிலேயே எடுத்துவிடுகிறார்கள், இதில் அது இருக்கிறது. ரீஃபைன்டிலேயே பழகின ஒரு வீட்டுக்காரம்மா முதல் தடவை அதைப் பார்த்தால் பயந்துதான் போவார். உங்களிடம் வந்து சண்டை போடமாட்டார், பாவம் அண்ணாச்சி கஷ்டப்பட்டுத் தொழில் பண்ணுதாவ என்று நினைத்துப் பேசாமல் அடுத்த மாசம் பழைய பாக்கெட்டுக்கே போய்விடுவார். இப்படி எத்தனை பேர் போனார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

அதனால் முதல் வேலை, உங்களிடம் ஒருமுறை வாங்கிவிட்டுத் திரும்ப வராதவர்களில் நாற்பது பேருடைய நம்பரை எடுங்கள். பழைய பழக்கத்தில் நோட்டில் எழுதி வைத்திருப்பீர்கள். போன் பண்ணி "எண்ணெய் நல்லா இருந்துச்சா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நம்ம ஊர்ச் சனம் முகத்துக்கு நேரே குறை சொல்லாது, "நல்லா இருந்துச்சு அண்ணாச்சி" என்று சொல்லி வைத்துவிடும். "இப்ப சமையலுக்கு என்ன எண்ணெய் வாங்குதிய, எங்க வாங்குதிய, நம்ம எண்ணெயை எதுக்கு ஊத்துனிய" என்று கேளுங்கள். பதிலில் விலையா, தூரமா, நுரையா, வாசனையா, மறதியா என்று தன்னால் வந்துவிடும். மறதி என்பதும் பெரிய காரணம், எண்ணெய் தீர்கிற நேரத்தில் கண்ணில் படுகிற கடையில் வாங்கிவிடுவார்கள். இதை நீங்களேதான் செய்ய வேண்டும், மகனிடமோ கம்பெனியிடமோ விடாதீர்கள், பேச்சின் இழுப்பிலேயே விஷயம் பிடிபடுகிற அனுபவம் உங்களுக்குத்தான் இருக்கிறது.

அடுத்தது, யாருக்கு என்ற கேள்வி. ரேஷனில் லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிற ஊரில், பொரிக்கிறதுக்கெல்லாம் செக்கு எண்ணெயை ஊற்ற எல்லா வீட்டிலும் வசதி இருக்காது. அந்த வீட்டிலும் நல்லெண்ணெய் வேண்டும், ஆனால் இட்லிப் பொடிக்கும் புளிக்குழம்புக்கும் சனிக்கிழமை தலைக்கும்தான். அவருக்கு லிட்டர் பாட்டிலை நீட்டினால் விலையைப் பார்த்துத் திரும்பிவிடுவார், 200 மில்லி இருந்தால் எடுப்பார். வில்லிவாக்கத்தில் கால் கிலோ சர்க்கரை கட்டின கைதானே உங்களுடையது, இங்கே ஏன் லிட்டரோடு நிற்கிறீர்கள்?

இன்னொரு வீடு இருக்கிறது, அங்கே விலை ரெண்டாம் பட்சம். பொம்பளைப் பிள்ளை பெரிய மனுஷியான வீடு. நம்ம பக்கம் உளுந்தங்களி கிண்டிக் கருப்பட்டி போட்டு, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுக்காத வீடு உண்டா? பிள்ளை பெற்ற வீட்டிலும் அப்படித்தான். காய்ச்சாமல் பச்சையாகக் குடிக்கக் கொடுக்கிற எண்ணெய் என்பதால் அந்தத் தாய் பத்து இடத்தில் விசாரித்துத்தான் வாங்குவாள், வாங்கி நம்பிக்கை வந்துவிட்டால் பின்னால் ஊறுகாய்க்கும் தீபாவளிக்கும் கார்த்திகை விளக்குக்கும் உங்களிடம்தான் வருவாள், அக்கம்பக்கத்தில் அடுத்த சடங்கு வரும்போது அவளே சொல்லியும் விடுவாள். உங்கள் பகுதியில் பலசரக்குக்கடைக்காரர், சடங்கு வீட்டுச் சமையல்காரர், கிராம செவிலியர் எல்லோரையும் நேரில் பார்த்து, செக்கு ஓடுகிற நாளில் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது ஆள் உங்கள் கண்முன்னாலேயே நிற்கிறார். மரச்செக்குப் புண்ணாக்கில் எண்ணெய்ப்பசை கொஞ்சம் கூடுதலாக நிற்கும் என்று மாட்டுக்காரர்கள் தேடி வருவார்களே, அவர்கள். ரெண்டு கிலோமீட்டர் உள்ளே இருந்தாலும் சைக்கிளிலும் பைக்கிலும் தவறாமல் வருகிறார்கள். அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிகிறது, ஆனால் மாட்டுக்கு உங்களிடம் வாங்குகிறவர் மனுஷருக்கு ஆலங்குளம் கடையில் பாக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார் என்றால் அதைக் கேட்காமல் விடலாமா? சின்னப் பாட்டில் ஒன்றை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிப் பாருங்கள்.

அப்புறம் அந்த மெயின் ரோடு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலம் சீசனுக்குப் போய்த் தென்காசியிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் திரும்புகிற கார்களில் நிறைய உங்கள் ஆலங்குளம் வழியாகத்தான் போகின்றன. ஊருக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்ற நினைப்போடு போகிறவர்கள். அவர்கள் உங்களைத் தேடி ரெண்டு கிலோமீட்டர் உள்ளே வரமாட்டார்கள், ரோட்டோரம் தெரிந்த கடை ஒன்றில் உங்கள் பாட்டில் பத்து நிற்க ஏற்பாடு செய்யுங்கள். கடைக்காரருக்குக் கமிஷன் கொடுத்தாலும் 25,000 ரூபாயில் ஒரு சிறு பங்குகூட ஆகாது, அதுவும் விற்றால்தான் கொடுப்பீர்கள்.

ஒரு வீட்டுக்கு உண்மையில் என்ன மதிப்பு என்று கணக்குப் போட்டால் நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று புரியும். மூன்று எண்ணெயும் சேர்த்து மாசம் மூன்று லிட்டர் வாங்குகிற குடும்பம் உங்களுக்கு மாசம் 180 ரூபாய், வருஷம் 2,160 ரூபாய் தருகிறது. ஒரு லிட்டர் வாங்கிவிட்டுப் போய்விட்டால் 60 ரூபாயோடு சரி. விளம்பரம் முதல் லிட்டரைத்தான் விற்றுக் கொடுக்கும். ரெண்டாவது லிட்டரிலிருந்து உங்கள் பொறுப்பு.

மகனை ஒதுக்கிவிடாதீர்கள். அவனுக்குத் தெரிந்ததில் பாதி காசில்லாமல் நடக்கிற வேலை. கூகுள் மேப்பில் செக்கு இருக்கிற இடத்தைச் சரியாகக் குறிக்கச் சொல்லுங்கள். எள் காய்வது, செக்கு ஓடுவது, கருப்பட்டி போடுவது எல்லாவற்றையும் போனில் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடட்டும். வாங்குகிறவர்களுக்கு எண்ணெய் தீர்கிற தேதியைக் கணக்குப் பண்ணி ரெண்டு நாள் முன்னால் ஒரு மெசேஜ் அனுப்பட்டும், மேலே சொன்ன மறதிக்கு அதுதான் மருந்து. வில்லிவாக்கத்தில் உங்களை நம்பி வாங்கின குடும்பங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன, கடையும் தம்பி கையில்தான் இருக்கிறது. ஆம்னி பஸ் பார்சலில் ஒரு பெட்டி ஏற்றிவிட்டால் மறுநாள் காலையில் சென்னையில் இருக்கும். அந்த வாய்ப்பை இவ்வளவு நாள் ஏன் விட்டீர்கள் என்றுதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

அவனிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சர்க்கரை குணமாகும், மூட்டுவலி போகும், இதய நோய் வராது என்றெல்லாம் எழுதவே கூடாது. உணவுப் பொருளுக்கு அப்படி விளம்பரம் செய்வது 2018-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி குற்றம். "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று பெருமையாகப் போடுகிறார்கள், எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, பாமாயில் உட்பட. அதைச் சொல்லி விற்பது வாங்குகிறவருடைய அறியாமையில் காசு பார்ப்பது. அதேபோல் சமையல் எண்ணெயைத் திறந்த டின்னிலிருந்து அளந்து ஊற்றி விற்கக்கூடாது, அடைத்து, அளவு, தேதி, விலை, முகவரி, உரிம எண் எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். இதை இன்னும் செய்யவில்லை என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்.

அந்தக் கம்பெனிக்காரர்களிடம் தீபாவளி கழித்துப் பார்ப்போம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குள் ஒருமுறை வாங்கியவர்களில் பாதிப் பேராவது திரும்பி வரத் தொடங்கியிருந்தால், எந்த வீட்டுக்கு எந்த எண்ணெய் எதற்குப் போகிறது என்பது உங்கள் கையில் இருக்கும். அப்போது 25,000 தேவைப்படாது, அதில் கால்வாசியை வைத்துக்கொண்டு இன்ன ஊர், இன்ன ஆட்கள், இன்ன எண்ணெய் என்று சொல்லி மகனே விளம்பரம் கொடுத்துப் பார்க்கலாம். முதலில் அந்த நாற்பது பேரிடம் பேசுங்கள், அவர்கள் சொன்னதை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள். 200 மில்லி பாட்டிலுக்கு என்ன விலை வைப்பது என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.